100 ஆம்பியர்-மணியா, 50 ஆம்பியர்-மணியா? ஒரு பாசார் மாலாம் கடையின் பேட்டரிக் கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில் வாரம் ஒருநாள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழச்சாறு விற்கும் என் மைத்துனர், தம்முடைய 100 ஆம்பியர்-மணி (மின்னோட்டத்தை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு) ஈய-அமில பேட்டரிக்குப் பதிலாக, கடைக்காரர் காட்டிய 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வாங்கலாமா என்று கேட்டார். பாதிக் கொள்ளளவுக்கு அதிக விலையா என்பது அவருடைய நியாயமான சந்தேகம்.

முதலில் தேவையைப் பார்ப்போம். விளக்குகளும் சிறு மின்விசிறியும் சேர்ந்து 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் மின்னோட்டம், ஐந்து மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டர் வழியே ஓடும் 350 வாட் பிளெண்டர் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விட்டுவிட்டு அரை மணி நேரம் ஓடினால் இன்னும் 16 அல்லது 17. ஆக, ஓர் இரவுக்குச் சுமார் 42 ஆம்பியர்-மணி.

ஈய-அமில பேட்டரியின் மேல் அச்சிட்ட 100 என்ற எண், பொதுவாக 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரத்தில் எடுக்கும்போது கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் அது சுருங்கும். மேலும், அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும் என்பதால், நடைமுறையில் கைக்கு வருவது 50 ஆம்பியர்-மணிதான், அதாவது ஏறத்தாழ 600 வாட்-மணி. லித்தியத்திலோ 12.8 வோல்ட்டை 50ஆல் பெருக்கினால் 640 வாட்-மணி. அதில் 80 முதல் 90 விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம். அவருடைய தேவை (42ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால்) 500 வாட்-மணியை ஒட்டி இருப்பதால் இரண்டுமே ஈடுகொடுக்கும்.

வேறுபாடு பிளெண்டர் பொத்தானை அழுத்தும்போது தெரிகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 12.4 வோல்ட் காட்டிய ஈய-அமில பேட்டரி, பிளெண்டர் சுற்றியதும் 11.6க்கு இறங்கியது, அரைத்து முடித்ததும் மெல்ல ஏறியது. லித்தியம் இப்படித் தளர்வதில்லை. ஆனால் அந்த உறுதியிலேயே ஒரு சங்கடம் உண்டு. சும்மா இருக்கும் ஈய-அமிலம் 12.7 காட்டினால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி என்று கண்டுகொள்ளலாம். லித்தியமோ பெரும்பகுதி நேரம் 13ஐ ஒட்டியே நின்று, கடைசியில் சட்டென விழும். மின்னழுத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மின்னோட்டத்தைக் கூட்டிக் கணக்கிடும் மீட்டர் தேவை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது சார்ஜ்தான். பாதி வடிந்த ஈய-அமில பேட்டரியை அடுத்த சந்தைவரை அப்படியே விட்டால், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும்; அன்றிரவே செருகினாலும், கடைசி 20 விழுக்காடு ஏறுவதற்குள் பல மணி நேரம் போய்விடும். நம் ஊர் வெக்கையும் அதற்குப் பகை. லித்தியம் பாதியில் கிடப்பதைப் பொருட்படுத்தாது. ஆனால் பழைய சார்ஜரில் சல்பேட் நீக்கும் நிலை இருந்தால், அதை லித்தியத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

ஏறத்தாழ 30 கிலோவுக்குப் பதிலாக 6 கிலோவைத் தூக்கும் முதுகுக்கும் ஒரு மதிப்பு போடலாமே என்றேன். மைத்துனர் சின்னதை, அதற்குரிய சார்ஜரோடு வாங்கிவிட்டார். பழையது வீட்டில், பேட்டரியை நிறைந்த நிலையிலேயே வைத்திருக்கும் ஃப்ளோட் சார்ஜரில் 13.6 வோல்ட்டில் உட்கார்ந்து, மின்தடைக்குக் காத்திருக்கிறது. எப்போதும் நிறைந்திருக்கும் அந்த வேலைக்கு அதுவே பொருத்தம்.