கள எண்ணா, இன வரிசையா? வடகிழக்கு ஆப்பிரிக்கப் பறவைத் தோல்களைப் பட்டியலிடும் இரண்டு முறைகள்

எத்தியோப்பியா, சோமாலியா பக்கம் சேகரித்து, தோலுரித்து உலர்த்தி மாதிரிகளாக வைக்கும் பறவைகளைப் பட்டியலிட இரண்டு வழிகள் உண்டு. கைக்கு வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஏட்டில் எழுதிக்கொண்டே போவது ஒன்று. குடும்பம், பேரினம், இனம் என்று பக்கங்களை ஒதுக்கிவைத்து, கிடைத்ததை அதற்குரிய பக்கத்தில் சேர்ப்பது இன்னொன்று. நாங்கள் எடுத்துக்கொண்டது முதல் வழி, அதாவது கள எண் ஏடு. முகாமில் இன வரிசை ஏட்டை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

இன வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. எந்த இனத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று உடனே தெரிந்துவிடும். அனுமதியில் இனத்துக்கு இத்தனை என்று வரம்பிட்டிருந்தால் அது உதவும்.

ஆனால் பெயர் நிலைப்பதில்லை; எல்லாம் இங்கேதான் முடிவாகிறது. தெற்கு எத்தியோப்பியாவில் நெகெலே அருகே லிபன் சமவெளியில் வாழும் வானம்பாடிக்கு 1975-இல் தனி இனப் பெயர் வந்தது. சோமாலிலாந்தின் ஆர்ச்சர் வானம்பாடியும் அதுவும் ஒரே இனம் என்று 2013-இல் காட்டினார்கள். இன வரிசை ஏடாக இருந்தால் பக்கத்தையே மாற்றி எழுதவேண்டும். கள எண் ஏட்டில் ஓர் எண்ணும் அசையாது. எத்தியோப்பியாவின் நெச்சிசார் சமவெளியில் 1990-இல் கிடைத்த பக்கி என்னும் இரவுப் பறவையின் கதை இன்னும் தெளிவானது. கிடைத்தது ஓர் இறக்கை மட்டுமே. அதற்குப் பெயர் சூட்டியது 1995-இல். அதுவரை அதை எந்தப் பக்கத்தில் எழுதிவைப்பது? கள எண் ஏட்டில் 'பக்கி, இறக்கை மட்டும்' என்று ஒரு வரி போதும்.

பெயரிடுபவர் சேகரித்தவராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்கரான சைல்ட்ஸ் ஃப்ரிக்கின் குழு 1911-12-இல் எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் சேகரித்தது. அந்தக் குழுவில் பறவைகளைக் கவனித்த எட்கர் மெர்ன்ஸ் 1916-இல் இறந்துவிட்டார். அந்தப் பறவைகளுக்கு ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் எழுதிய பட்டியல் இரண்டு பகுதிகளாக 1930-இலும் 1937-இலும்தான் வெளிவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பெயரிட உட்காருபவருக்குக் கிடைப்பது காலில் கட்டிய சீட்டும் கள ஏடும்தான்.

எண்ணைத் தோலுரிக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஏடு, கால் சீட்டு, திசுக் குப்பி, எலும்புச் சீட்டு எல்லாவற்றிலும் அதே எண். தோல் கெட்டுப்போனால் வரியைக் குறுக்கே கோடிட்டு விடுங்கள். அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்தால் குப்பி ஒரு பறவையையும் சீட்டு இன்னொன்றையும் காட்டும். சீட்டுக்குப் பருத்திக் காகிதமும் பென்சிலும் நல்லது. பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்து ஓடும்.

கண், அலகு, கால், வெற்றுத் தோல் ஆகியவற்றின் நிறத்தை முதலில் எழுதவேண்டும். காய்ந்த தோலில் அவை மங்கிவிடும், திரும்பக் கிடைக்காது. எடையும் உரிப்பதற்கு முன்பே. உரித்த பிறகு ஆணுக்கு இடது விந்தகத்தின் நீள அகலம் மில்லிமீட்டரில், பெண்ணுக்குப் பெரிய கருமுட்டையின் விட்டம், மண்டையோடு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது. இனப் பெயர் கடைசியில்.

தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாளும் மாதமும் குழம்பாது. உள்ளூர் உதவியாளர் குறித்த தேதியை உடனே மாற்றி எழுதுங்கள்: எத்தியோப்பிய ஆண்டு நம்முடையதைவிட 7 அல்லது 8 குறைவு, அவர்களுடைய கடிகாரக் கணக்கும் 6 மணி நேரம் வேறுபடும். 'நெகெலே' என்று மட்டும் எழுதினால் போதாது. போரானா நெகெலே வேறு, அர்சி நெகெலே வேறு. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அருகிலுள்ள ஊரிலிருந்து தூரம், திசை எல்லாம் வேண்டும்.

இன வரிசை வேண்டுமென்றால் மாலையில் ஏட்டை எக்செல் தாளில் ஏற்றி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால் எண்ணும் பறவையும் பிரிந்துபோகும். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்துவிட்டே செய்யவேண்டும்.

இதெல்லாம் தோல் மாதிரிகளை வைத்துச் சொல்வது. முழு உடலாக ஃபார்மலினில் போடுவதில் எங்கள் கைப்பழக்கம் குறைவு. அப்படிச் செய்பவர்கள் சீட்டும் எழுத்தும் அந்தத் திரவத்தில் தாங்குகின்றனவா என்று புறப்படும் முன்பே ஊறவைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.