நாட்காட்டி, வெப்பமானி, ஸ்ட்ரிப், வெள்ளை: கொழும்பு பஸ்ஸுக்கு எது சரிவரும்?

என் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சிப்போனால் மூன்று தடவை தலவாக்கலைக்கு வருவார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நிறைய வீட்டுக் கதை இதுதான். அதனால் பிள்ளைக்கு முயற்சி செய்யும்போது முட்டை எந்த நாளில் வெளிவருகிறது என்பது மட்டும் தெரிந்தால் எங்களுக்குப் போதாது, அதை எத்தனை நாள் முன்னாடி தெரிந்துகொள்ளலாம் என்பதும் தெரியவேண்டும், ஏனென்றால் அவர் முதலாளியிடம் லீவு கேட்டு, பஸ் பிடித்து மலை ஏறி வரவேண்டுமே.

நான் முதலில் பிடித்தது நாள் எண்ணுவதைத்தான். தீட்டு வந்த நாளை 1 என்று வைத்து 14ஆம் நாள் முட்டை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், போன் ஆப்பும் ஆரம்பத்தில் அப்படித்தான் வட்டம் போட்டுக் காட்டும். செலவில்லை, முன்னாடியே தெரியும். ஆனால் அந்த 14 என்பது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கான கணக்கு. எனக்குச் சுற்று 34 நாள். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த தீட்டு வரைக்கும் போகிற காலம் பெரும்பாலான பெண்களுக்கு 12 முதல் 14 நாள், அது மாதத்துக்கு மாதம் அவ்வளவாக மாறாது. நீளுவதும் குறைவதும் எல்லாம் முன்பாதியில்தான். ஆகவே பின்னாலிருந்து எண்ணவேண்டும்: 34இல் 14 போனால் 20. எட்டு மாதமாக நான் அவரை 14ஆம் நாளுக்கு வரச்சொல்லி இருக்கிறேன்! விந்தணு உள்ளே அதிகபட்சம் 5 நாள் உயிரோடு இருக்கும், வெளிவந்த முட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். 14ஆம் நாள் போனது 19ஆம் நாளோடு முடிந்துவிடும், முட்டை வருவது 20இல். கணக்கு போட்டுப் பார்த்த அன்று அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நாட்காட்டியில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஒரு மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். அந்தத் தடவை 34 தாண்டி, 38 தாண்டி, தீட்டு வரவே இல்லை, மாமி சத்தமில்லாமல் மாங்காய் வாங்கி வைத்துவிட்டார். 41ஆம் நாள் வந்தது. காய்ச்சல், மனக்கஷ்டம், ஊண் உறக்கமில்லாத அலைச்சல், இவை முட்டை வருவதையே தள்ளிப்போடலாம், அது தள்ளினால் தீட்டும் அத்தனை நாள் தள்ளும். இதை எந்த ஆப்பும் முன்கூட்டிச் சொல்லாது.

அடுத்தது வெப்பமானி. விடியக் கண் விழித்ததும், கட்டிலை விட்டு இறங்காமல், ஒரே நேரத்தில் உடம்புச் சூடு பார்த்து எழுதவேண்டும். முட்டை வந்த பிறகு சூடு 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை ஏறி, அடுத்த தீட்டு வரைக்கும் அப்படியே நிற்கும். கவனியுங்கள், "வந்த பிறகு". எங்களுக்கு இது பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்குப் போகிற மாதிரி. அதோடு இருட்டில் எழுந்து தண்ணீர் சுடவைத்துப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம்) ஓடுகிற வீட்டில், ஒருநாள் நாலரை, ஞாயிறென்றால் ஆறரை என்று எழும்பினால் கோடு ஏறுக்குமாறாகத்தான் வரும். இதை மட்டம் என்று சொல்லமாட்டேன். முட்டை உண்மையில் வந்ததா என்று பார்க்க நல்லது, அந்த 41 நாள் மாதத்தில் எழுதி வைத்திருந்தால் மாமிக்கு மாங்காய்ச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

அப்புறம் ஸ்ட்ரிப். எல்எச் என்ற ஹோர்மோன் திடீரென ஏறுவதைச் சிறுநீரில் காட்டும், ஏறி 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும். நான் கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு வந்ததும், ஒரே நேரத்தில், பழைய தயிர்க் கோப்பையில் பார்ப்பேன். மலையில் நிற்கிற பகல் நேரத்தில் கழிவறைக்கே வழியில்லை, இதில் ஸ்ட்ரிப்பா? இரண்டு மணி நேரம் முன்னாடியே தண்ணீர், தேத்தண்ணி குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் கோடு மங்கும். மங்கலான இரண்டாம் கோட்டைப் பார்த்து நான் ஒருதடவை ஏமாந்தேன். கர்ப்ப ஸ்ட்ரிப்பில்தான் மங்கலும் கணக்கு, இதில் இரண்டாம் கோடு முதல் கோட்டுக்குச் சமமாக அல்லது அதைவிடக் கறுப்பாக இருக்கவேண்டும். போன் டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது 19ஆம் நாள் சமமாக வந்தது. அன்றிரவே போன், மறுநாள் மதியம் அவர் வீட்டில். சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது பொய்க்கோடு காட்டலாம், அவர்கள் டொக்டரிடம் ஸ்கேன் கேட்பது மேல்.

ஆனால் என் ஓட்டு வெள்ளைக்குத்தான், அதாவது பெண்ணுறுப்பில் கசிகிற வெள்ளைத் திரவத்துக்கு. தீட்டு நின்று சில நாள் வறட்சியாக இருக்கும், பிறகு பிசுபிசுப்பு, அப்புறம் ஒருநாள் கழுவும்போது வழுக்கும், இரண்டு விரலில் எடுத்து விரித்தால் பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி அறாமல் நூலாக நீளும். அதுதான் அறிகுறி. முட்டை வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாடியே இது தொடங்கிவிடும், காசும் இல்லை. கருத்தங்க மிக வாய்ப்பான நாட்கள் முட்டை வருவதற்கு முந்தின இரண்டு நாளும் அன்றும்தான் என்பதால், ஸ்ட்ரிப் சொல்வதற்குள் லீவு கேட்கவே நேரம் கிடைக்கிறது. அரிப்பு, நாற்றம் இருந்தால் அது வேறு வெள்ளை, கிளினிக்குக்குப் போங்கள். எனக்குப் பழக இரண்டு மாதம் பிடித்தது, கூச்சம் விட ஒரு மாதம் கூடுதலாக.

இப்போது வெள்ளை வழுக்க ஆரம்பித்ததும் அவருக்குச் சொல்கிறேன், அன்றிலிருந்து ஸ்ட்ரிப்பும் பார்க்கிறேன், மாதம் நாலைந்துதான் செலவாகிறது. கணவர் அதே தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? இரண்டு நாளைக்கொரு முறை சேர்ந்திருந்தால் போதும், எந்தக் கோட்டையும் பார்க்கத் தேவையில்லை. பெண்ணுக்கு வயது 35க்குக் கீழே என்றால் ஒரு வருடம், மேலே என்றால் ஆறு மாதம் பார்த்துவிட்டு இருவருமாக டொக்டரிடம் போங்கள். இருவருமாக என்று சொல்வது ஏனென்றால் எங்கள் பக்கம் பெண்ணை மட்டும்தான் அனுப்புவார்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மிட்வைஃபிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். பாமசியில் ஸ்ட்ரிப் வாங்கும்போது எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு "அந்த ஸ்ட்ரிப்" என்று கேட்டு நான் இரண்டு தடவை கர்ப்ப ஸ்ட்ரிப்பை வாங்கி வந்தேன்.