எட்டு நாள் முங்கிக் கிடந்த நெல்: சி.ஆர்.1009 சப்-1 விதை

எங்க வயல் திருநெல்வேலி மாவட்டம் பத்தமடைப் பக்கம். அதுல 10 மரக்கால் விதைப்பாடு, அதாவது அவ்வளவு விதை பிடிக்கிற நிலம், குளத்தை ஒட்டின பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழையில தண்ணி நின்னா வடியாது. 2023 பிசானத்துக்கு, அதாவது மழைக்காலத்துல நட்டு மாசி, பங்குனியில அறுக்குற போகத்துக்கு, அதுல மட்டும் வெள்ளம் தாங்குற சி.ஆர்.1009 சப்-1 நெல் போட்டேன். மேட்டு வயலுக்கு வழக்கம்போல அம்பை 16 ரகம்.

மூட்டையில நீல அட்டை, அதாவது சான்று விதை. முளைப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈரச் சாக்குல 100 மணி கட்டி வச்சேன், 91 முளைச்சது. கலவன், அதாவது வேற ரகம் கலந்தது, விரல் விட்டு எண்ணுற அளவுதான். முந்தின வருஷம் ஒரு கடையில சான்று இல்லாத பச்சை அட்டை மூட்டை வாங்கி, வயல் பூரா ஆளுக்கொரு உயரத்துல கதிர் நின்ன வயித்தெரிச்சல் தனிக்கதை.

டிசம்பர் 17, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டின மழை. பள்ளத்து வயல்ல எட்டு நாள் பயிர் நுனி தெரியல. நட்டு 40 நாள்தான் ஆகியிருந்தது. தண்ணி வடிஞ்சதும் பார்த்தா எல்லாம் வண்டல் பூசி மஞ்சளாப் படுத்துக் கிடக்கு. ஒரு தூரைப் பிடிச்சு அமுக்கினேன், கெட்டியா இருந்தது. பக்கத்து வயல் அம்பை 16-ஐ அமுக்கினா கூழா வழிஞ்சு நாறுது. ஒரு வாரத்துல என் வயல்ல ஊசி மாதிரி பச்சைக் குருத்து. பக்கத்து வயல்காரர் வரப்புல நின்னு, "வேய், உம்ம பயிரு கண்ணு முழிச்சிட்டு"ன்னார்.

மரபணு மாத்துன நெல்லான்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. இல்ல. பழைய சி.ஆர்.1009 ரகத்தை, வெள்ளம் தாங்குற எஃப்.ஆர்.13ஏ-ங்கற ஒடிசா நெல்லோட கலப்பு செஞ்சு, திரும்பத் திரும்ப சி.ஆர்.1009 கூடவே சேர்த்து, வெள்ளம் தாங்க வைக்கிற சப்-1 மரபணு இறங்கியிருக்கான்னு நாத்துலயே சோதிச்சு எடுத்தது. மத்த நெல்லு முங்கினா மேல வரணும்னு தாளை நீட்டி நீட்டி, சேத்து வச்ச மாவுச்சத்தைத் தீத்துட்டு ஓய்ஞ்சிரும். இது நீளாம சும்மா கிடக்கும். ரெண்டு வாரம் வரைக்கும் தாக்குப் பிடிக்கும். ஆனா பூக்கிற நேரத்துல வெள்ளம் வந்தா இதுவும் கைவிடும். வறட்சிக்கும் இதை நம்பக் கூடாது.

பெரிய குறை வயசு. 150 நாளுக்கு மேல. மார்ச் பாதியிலதான் அறுத்தேன், கடைசித் தண்ணிக்குக் கிணத்து மோட்டார்தான் கதி. அறுப்புக்கு முந்தி உளுந்து தெளிக்க ஈரமும் நிக்கல. விளைச்சல் 11 மூட்டை, நல்ல வருஷத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. அரிசி குண்டு, இட்லிக்குச் சரி. வீட்டுல சொன்னது: "சொதி வைக்கிற அன்னிக்கு வேற அரிசி வாங்கிட்டு வந்திருங்க."

வீரிய ஒட்டு இல்லைங்கறதால நம்ம நெல்லையே விதைக்கு எடுக்கலாம். ஒரு மூட்டை காயவச்சு எடுத்து வச்சேன். அதுல பாதி தனக்குன்னு பக்கத்து வயல்காரர் அப்பவே சொல்லி வச்சிட்டார்.