அணுகுண்டை நம்புவதா, ஒருவர் நிலையத்தை மற்றவர் பார்வையிடும் சோதனையை நம்புவதா?

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட் (அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் உள்ள தாது) பிரேசில் கடற்கரையிலும் உண்டு. அணு விஷயத்தில் மட்டும் இந்தியாவும் பிரேசிலும் போன வழி வேறு.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதம் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. இனிப் போர் வராது என்றார்கள். அடுத்த வருஷமே கார்கில். அது முழுப் போராக மாறாததற்குக் குண்டு பயமும் ஒரு காரணம், சரி. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன, தாக்காமல் இருப்பதற்காக. கூடங்குளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பிரேசிலும் அர்ஜென்டினாவும் 1991-இல் பொது அமைப்பு வைத்து ஒருவர் நிலையத்தை மற்றவர் சோதிக்க ஒப்புக்கொண்டன. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அவர்களுக்குக் காஷ்மீர் தகராறும் இல்லை, எல்லையில் சீனாவும் இல்லை.