வீட்டு ஆர்கேட் கேபினெட்டில் ஸ்பின்னரும் டிராக்பாலும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் மட்டுமே இருந்த என் கேபினெட்டில் (காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி போன்றது) ஒரு ஸ்பின்னரையும் (சுழற்றும் குமிழ்) 3 அங்குல டிராக்பால் ஒன்றையும் (கையால் உருட்டும் பந்து) சேர்த்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. 1980இல் வந்த மிசைல் கமாண்ட், 1981இல் வந்த சென்டிபீட் ஆகிய ஆர்கேட் விளையாட்டுகளை ஜாய்ஸ்டிக்கில் ஆடி அலுத்தவர்களுக்கு இவற்றின் தேவையை விளக்க வேண்டியதில்லை. வாங்கும் நேரத்தில் குமிழின் எடையையும் பந்தின் நிறத்தையும்தான் பலரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வாங்கிய பின் ஆட்டம் சுகமாக அமைவதோ, கரகரவென்று எரிச்சலூட்டுவதோ பெரும்பாலும் இணைப்பையும் உணர்திறன் அமைப்பையும் பொறுத்தது.

இரண்டும் செயல்படும் விதம் ஒன்றே. விளிம்பில் பற்கள் வெட்டிய தட்டு சுழலும்போது அருகருகே உள்ள இரண்டு ஒளி சென்சார்கள் மாறி மாறித் துடிக்கின்றன. எது முந்துகிறது என்பதைக் கொண்டு திசை கணிக்கப்படுகிறது. 5 வோல்ட், கிரவுண்ட், இரண்டு சிக்னல் என்று ஸ்பின்னருக்கு நான்கு கம்பிகள். இரண்டு அச்சுகள் உள்ள டிராக்பாலுக்கு ஆறு. திசை தலைகீழாக வந்தால் அந்த அச்சின் சிக்னல் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

இவை யூஎஸ்பி போர்டு வழியாகக் கணினிக்கு மவுஸாகவே தெரிகின்றன. இரண்டும் ஒரே மவுஸின் கிடை அச்சில் வந்து சேர்ந்தால், ஸ்பின்னர் ஆட்டத்தின் நடுவே கை தவறி டிராக்பாலின் பந்தில் பட்டாலும் திரையில் உள்ள மட்டை நகர்ந்துவிடும். பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் மேம் (MAME) எமுலேட்டரில் பல மவுஸ்களைத் தனித்தனியாக அறியும் அமைப்பை இயக்கி, ஸ்பின்னருக்கு ஒன்றையும் டிராக்பாலுக்கு மற்றொன்றையும் ஒதுக்குவதே நல்லது. கணினியை மறுபடி இயக்கும்போது மவுஸ்களின் வரிசை எண் சில நேரம் மாறிவிடும் என்பதால், கன்ட்ரோலர் கோப்பில் ஒவ்வொரு சாதனத்தையும் அதன் அடையாளத்தோடு பிணைத்து வைத்தேன். அதன்பின் அந்தத் தொல்லை வரவில்லை.

அதிக நேரம் செலவிட வேண்டியது உணர்திறனுக்குத்தான். 100 பற்கள் உள்ள தட்டு ஒரு சுற்றுக்கு 400 எண்ணிக்கைகள் வரை தரவல்லது. பழைய விளையாட்டு ஒவ்வொன்றும் தன் குமிழுக்கு ஏற்ற எண்ணிக்கையையே எதிர்பார்க்கிறது. 1981இல் அட்டாரி வெளியிட்ட டெம்பெஸ்டில் குமிழின் நிலை வெறும் 4 பிட்டுகளில், அதாவது 16 படிகளில்தான் வாசிக்கப்படுகிறது. உணர்திறன் மிகுந்தால் இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் எண்ணிக்கை இந்த 16 படிகளில் பாதியைத் தாண்டிவிடும்; வலப்பக்கம் வேகமாகச் சுழற்றினால் துப்பாக்கி இடப்பக்கம் ஓடும். ஸ்பின்னர் பழுது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் மேமின் அனலாக் கன்ட்ரோல் பட்டியலில் உணர்திறனைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் துப்பாக்கி சொன்னபடி கேட்கிறது. இந்த அளவை விளையாட்டுவாரியாகத்தான் அமைக்க வேண்டும். டெம்பெஸ்டுக்குப் பொருந்தும் எண்ணை 1986இல் வந்த, பந்தை மட்டையால் அடித்து ஆடும் ஆர்க்கனாய்டுக்கு வைத்தால் மட்டை நின்ற இடத்தில் நிற்காது. குமிழின் எடையும் அப்படித்தான்: கனமான குமிழ் தானாகச் சுழன்றுகொண்டே இருப்பது டெம்பெஸ்டுக்குச் சுகம், பந்தின் கீழே மட்டையைச் சட்டென்று நிறுத்த வேண்டிய ஆர்க்கனாய்டுக்கோ இடைஞ்சல். நடுத்தர எடையோடு நான் சமாதானம் செய்துகொண்டேன்.

கர்சரின் நகர்வையே நம்பும் வேறு எமுலேட்டர்களுக்கு, இயங்குதளத்தின் மவுஸ் முடுக்க வசதியை அணைத்துவிடுவது அவசியம்.

பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கையின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து டிராக்பாலின் எஃகு ரோலர்களில், பந்து தொடும் இடத்தில் மட்டும், சாம்பல் நிற வளையமாகப் படிகின்றன. அது தடித்ததும் பந்து ஒரு பக்கம் வழுக்கும். சென்டிபீடில் குறுக்காக நகரும்போது தடக்கென்று நின்று நின்று போகும். ஆல்கஹால் தொட்ட துணியால் ரோலர்களைத் துடைத்து, பேரிங்குகளில் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பழைய ஓட்டம் திரும்புகிறது. கெட்டியான கிரீஸ் பந்தை மந்தமாக்கிவிடும். ஸ்பின்னரோ, குமிழின் பக்கத் திருகை எப்போதாவது இறுக்குவதைத் தவிர வேறெதையும் இதுவரை கேட்டதில்லை. கன்ட்ரோல் பேனலில் ஒன்றுக்கு மட்டுமே இடம் உள்ளவர்கள் ஸ்பின்னரையே முதலில் பொருத்தலாம்.