மீட்டியோர் 350: நடுவில் விட்டுவிட்டு மறுபடி ஓட்ட வருகிறவர்களுக்கு

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 பற்றி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதில் முக்கால்வாசி ஆறடி ஆட்கள் நூறைத் தாண்டிப் போய்க்கொண்டே பேசுவது. இது அவர்களுக்கு இல்லை. ஒரு காலத்தில் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்து, விழுந்தோ, குழந்தை குட்டி என்று ஆகியோ, கார் வந்துவிட்டதாலோ நிறுத்திவிட்டு, நாற்பதுக்கு மேல் மறுபடி ஆசை வந்து, ஆனால் சிக்னலில் இவ்வளவு பெரிய வண்டியைத் தாங்கி நிறுத்த முடியுமா என்ற பயத்தோடு ஷோரூம் வாசலில் நிற்கிறவர்களுக்கு எழுதுகிறேன். நானும் அந்த வகைதான். கல்லூரிக் காலத்தில் அண்ணனுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், பிறகு ஒரு மழைநாளில் திருப்பத்தில் கிடந்த ஜல்லியில் சறுக்கி மணிக்கட்டு உடைந்தது, அதற்கப்புறம் பல வருஷம் ஸ்கூட்டரும் காரும்தான். பெண், உயரம் ஐந்தடி நாலு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதுகிறவரின் கால் எட்டுமா எட்டாதா என்று தெரியாமல் மீட்டியோர் மாதிரி க்ரூஸர், அதாவது தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் வைத்து ஓட்டும் வண்டியின் விமர்சனம் படிப்பதில் பிரயோஜனம் இல்லை.

நெடுநாள் கழித்து வண்டியில் ஏறினால் கியரும் கிளட்சும் கொஞ்ச நேரத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. வராமல் அடம்பிடிப்பது மெதுவாக ஓட்டுவது. நாற்பதில் போகும்போது வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும், நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பத்துக்குக் கீழே வந்ததும் பாரம் முழுக்க நம் தலையில். யூ டர்ன், பார்க்கிங், ஏற்றத்தில் நின்று கிளம்புவது, முன்னால் போகும் ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்பது, பயம் எல்லாம் இந்த இடங்களில்தான். அதனால் வண்டி தேடும்போது குதிரைத்திறனை ஓரமாக வைத்துவிட்டு, நடக்கிற வேகத்தில் இது எனக்கு அடங்குமா என்று மட்டும் பார்த்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கணக்கில் மீட்டியோரின் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். என் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறது, குதிகால் உட்பட. அதே கம்பெனியின் கிளாசிக் 350-இல் 805, அதில் எனக்கு விரல் நுனிதான் ஊன்ற வந்தது. ஹோண்டா ஹைனெஸ் சிபி350 நல்ல வண்டி, எஞ்சின் வெண்ணெய், எடையும் 181 கிலோதான், ஆனால் சீட் 800, தவிர அது க்ரூஸரும் இல்லை. ஹார்லி எக்ஸ்440-ஐப் பெயருக்காகப் போய்ப் பார்க்கிறவர்கள் நிறைய, அதுவும் 805. பேப்பரில் நாலு சென்டிமீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தெரியும். தரை ஒரு பக்கம் சரிவாக இருக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், அப்போது தெரியும்.

பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸ் இன்னும் தாழ்வு, 737 மில்லிமீட்டர், எடை 163 கிலோ. பட்ஜெட் இடித்தால் யோசிக்காமல் அதைப் பார்க்கலாம், பழைய வண்டிச் சந்தையிலும் தாராளமாகக் கிடைக்கிறது. நான் அதை விட்டதற்குக் காரணம் பிரேக். அதில் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை இறுக்கி அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி, முன் சக்கரத்துக்கு மட்டும், பின்னால் டிரம். மீட்டியோரில் இரண்டு பக்கமும் டிஸ்க், இரண்டு பக்கமும் ஏபிஎஸ். ஜல்லியில் ஒருமுறை விழுந்தவளுக்கு பிரேக் விஷயத்தில் சமாதானம் ஆக மனசு வரவில்லை. அவெஞ்சருக்கு நீளமும் அதிகம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1490 மில்லிமீட்டர், மீட்டியோரில் 1400. நேர்சாலையில் நீளம் சுகம், தெருமுனையில் திருப்பும்போது அவஸ்தை.

ஷோரூம் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் போன இடத்தில், எந்த இடம் என்பது வேண்டாம், விற்பனைப் பையன் என்னிடம் பேசாமல் கூட வந்த என் கணவரிடமே மைலேஜ் சொல்லிக்கொண்டிருந்தான். அவருக்கு பைக் ஓட்டவே தெரியாது. "மேடத்துக்கு இது வெயிட்டா இருக்கும் சார், ஸ்கூட்டர் காட்டட்டுமா?" என்றான். டெஸ்ட் ரைடு கேட்டால் பின்னால் தானும் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னான். பழக்கம் விட்டுப்போனவருக்குப் பின்னால் ஒருவரை ஏற்றி, கூட்டமான மெயின் ரோட்டில் டெஸ்ட் ரைடு கொடுப்பது சுத்த அபத்தம், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறொரு ஷோரூமில் காலை திறந்ததும் வரச் சொன்னார்கள், பின்பக்கத் தெருவில் தனியாக ஓட்ட விட்டார்கள். வாங்கியது அங்கேதான்.

டெஸ்ட் ரைடுக்கு முன்னாலேயே சில விஷயங்களை வண்டியை ஓட்டாமல் செய்து பாருங்கள். ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள், இறங்கி நின்று பின்னோக்கித் தள்ளுங்கள், ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி வைத்தால் வெளிப்பக்கக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். க்ரூஸர்களில் ஹேண்டில்பார் அகலம், கை குட்டையானவர்களுக்கு முழுத் திருப்பத்தில் திராட்டில் நழுவும். மீட்டியோரில் எனக்கு எட்டியது, கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருந்தது. எடை 191 கிலோ. ஆர்எக்ஸ் 100-ஐப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, முதலில் திகிலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எடை கீழே இருக்கிறது, உருட்ட ஆரம்பித்ததும் தெரிவதில்லை.

இனி எஞ்சின். 349 சிசி, 20 குதிரைத்திறன் சொச்சம், 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்), அது 4000 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடுகிறது. சிலிண்டர் விட்டம் 72, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 85.8 மில்லிமீட்டர், அதாவது நீள ஸ்ட்ரோக் எஞ்சின், கீழ் வேகத்தில் இழுப்பதற்கென்றே செய்தது. திரும்ப ஓட்டுகிறவருக்கு இதுதான் பெரிய வரம். ஆக்ஸிலரேட்டர் தொடாமல் முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டாலே வண்டி தானாக நகர்கிறது, ஆஃப் ஆகி மானத்தை வாங்குவதில்லை. ஆர்எக்ஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது முறுக்கினால்தான் உயிர் வரும், இது நேர் எதிர். ராயல் என்ஃபீல்டின் பழைய தண்டர்பேர்டு ஓட்டிக் கை மரத்துப்போன ஞாபகம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: இந்த எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட் இருக்கிறது, எண்பது வரை அதிர்வு பெரிதாகத் தெரியாது. கிளட்ச் 2025-க்கு முந்தைய வண்டிகளில் கொஞ்சம் கனம், அந்த வருஷ மாடலிலிருந்து ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் வந்து இலகுவாகிவிட்டது. மணிக்கட்டில் பழைய காயம் உள்ளவர்கள் செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது இதை அவசியம் கவனியுங்கள்.

வண்டி எவ்வளவு சாதுவாக இருந்தாலும் தைரியம் அதோடு சேர்ந்து டெலிவரி ஆகாது, அதற்குத் தனியாக இடம் வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் ரியல் எஸ்டேட்காரர்கள் லேஅவுட் போட்டு, தார் ரோடு, கல் எல்லாம் நட்டுவிட்டு, வீடு மட்டும் வராமல் கிடக்கும் மனைகள் எத்தனையோ, அதைவிட நல்ல பயிற்சி மைதானம் சென்னையைச் சுற்றிக் கிடையாது. அங்கே போய் நடக்கிற வேகத்தில் எட்டு போடுங்கள். சூத்திரம் இதுதான்: கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைப்பது. பின் பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே இழுபடும்போது வண்டி ஆச்சரியமாக நிதானத்துக்கு வருகிறது. ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது, நின்ற இடத்தில் சரிபவர்களில் பலர் அப்படித்தான் சரிகிறார்கள். கண் முன் சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயேதான் போவீர்கள், போக வேண்டிய இடத்துக்குக் கழுத்தையே திருப்புங்கள். அப்புறம் முப்பதிலிருந்து, நாற்பதிலிருந்து இரண்டு பிரேக்கையும் அழுத்தி நிறுத்திப் பாருங்கள், ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவரில் வரும் துடிப்பை அங்கேயே பழகிவிட்டால் ரோட்டில் பயந்து பிரேக்கை விட மாட்டீர்கள்.

விழுந்த வண்டியைத் தூக்கவும் அங்கேயே யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு பழகலாம். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்பக்கம் பதியக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் இன்னொரு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் தள்ளிப் பின்னோக்கி நடக்க வேண்டும், இடுப்பால் தூக்கக் கூடாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய் விழும். 191 கிலோவை என்னால் எழுப்ப முடிகிறது என்று தெரிந்ததும் சிக்னல் பயம் பாதி போய்விட்டது, பயிற்சியில் எனக்கு அதிகம் உதவியது இதுதான் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. க்ரூஸரில் கால் முன்னால் இருக்கும், அதனால் பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டில் ஊன்றி எழுந்து நிற்க முடியாது, அடி நேரே முதுகெலும்புக்கு. மீட்டியோர் மற்ற க்ரூஸர்களைப் போல காலை ரொம்ப நீட்டச் சொல்வதில்லை, ஆனாலும் சென்னை மழைக்குப் பின் வரும் ரோடுகளில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பின் சஸ்பென்ஷனில் ஆறு நிலை இருக்கிறது, தனியாக ஓட்டுகிற ஐம்பது அறுபது கிலோ ஆள் என்றால் அதை மிக மென்மையான நிலைக்கு இறக்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் மிதிக்கும் கியர் லீவரில் பழைய புல்லட்காரர்கள் குஷியாவார்கள், எனக்குக் குதிகால் பலகை இடைஞ்சலாகத்தான் இருக்கிறது.

ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டிப் புதுச்சேரி பக்கம் போக இதைவிடப் பொருத்தமான வேகம் வேண்டாம், எழுபது எண்பதில் நாள் முழுக்கப் போகும். ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில், கதை வேறு, நூறில் வரும் சொகுசுப் பேருந்தை முந்த இந்த எஞ்சினிடம் மிச்சம் எதுவும் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுவதுதான் மரியாதை. மலைக்கு ஆசைப்பட்டால் 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரியில் தொடங்கலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளை எடுத்த எடுப்பில் தொடாதீர்கள்.

சூப்பர் மீட்டியோர் 650 வாங்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. சீட் 740தான், உட்கார்ந்தால் ராஜ தோரணை, ஆனால் 241 கிலோ. இரண்டு சீசன் ஓட்டிவிட்டு யோசிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கி, அதற்கு மேல் 40 ஆகிவிட்டதால் பர்ஸும் அதையே சொல்கிறது. மீட்டியோர் எக்ஸ் ஷோரூம் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். அதோடு லெக் கார்டு கட்டாயம் போடுங்கள். மிச்சப் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ. ஸ்டிக்கர், அலங்காரச் சாமான் என்று விற்பனைக்காரர் நீட்டும் ஆக்சஸரி பட்டியலை மடித்து அவரிடமே கொடுத்துவிடலாம்.