கோலாலம்பூர் ஈரத்தில் குதிரைக்கு ஹே: எவ்வளவு, எது, எப்படி வைப்பது

குளிர்நாட்டுக்காரர்கள் போடும் ஹே (காயவைத்த தீவனப் புல்) கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் குதிரை வளர்த்தால் காசும் போகும், வாங்கி அடுக்கியதில் பாதி பூசணமும் பிடிக்கும். காஜாங் தாண்டி ஒரு வாடகை லாயத்தில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தரோபிரெட்டையும் (பந்தய இனக் குதிரை) ஒரு போனியையும் (குட்டை இனக் குதிரை) சில வருடங்களாக வைத்திருக்கிறேன். டிமோத்தி, லூசர்ன், ஓட்டன், ரோட்ஸ் என்று ஹே வகைகள் எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று, நம்மூர் நேப்பியர் புல்லும் வெட்டிப் போட்டாயிற்று. 2024 அக்டோபரில் சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு, ஓய்வுக் குதிரை ஒன்றை எடுத்து வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் அளவு. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் நார்த்தீனி வேண்டும், அதுவும் ஈரத்தைக் கழித்த கணக்கில். இது எந்த ஊருக்கும் பொது. 480 கிலோ குதிரைக்கு 7 முதல் 9.5 கிலோ, 240 கிலோ போனிக்கு 3.5 முதல் 5 கிலோ என்று வரும். ஹேயிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருப்பதால் தராசில் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். குதிரையின் எடை எப்படித் தெரியும் என்றால், தையல்காரர் டேப் போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்புட்டம் வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 150, நீளம் 128 என்றால் சுமார் 242 கிலோ.

இதற்கு மேல்தான் குளிர்காலக் கணக்கு வருகிறது, நம் ஆட்கள் குழம்புவதும் இங்கேதான். கனடாவிலோ அமெரிக்காவின் வடக்கிலோ பனிக்காலத்தில் ஹேயைக் கூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்கால ரோமம் நன்றாக வளர்ந்து, நனையாமல், ஓரளவு சதைப்பிடிப்போடு இருக்கும் குதிரை மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை தனியாக எரிசக்தி செலவழிக்காமல் சமாளிக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கும் சுமார் 1 சதவீதம் தீனி கூட்ட வேண்டும் என்பது அங்கே புழங்கும் விதி. ரோமம் நனைந்துவிட்டால் இன்னும் முன்னாலேயே, 10 டிகிரிக்கு மேலேயே, குளிர் பிடிக்க ஆரம்பித்துவிடும். தானியத்தைக் கூட்டாமல் ஹேயைக் கூட்டச் சொல்வது ஏனென்றால், பெருங்குடலில் நார் புளிக்கும்போது வெப்பம் வருகிறது. வயிற்றுக்குள் அணையாத அடுப்பு மாதிரி.

நமக்கு? விடியற்காலை மழையில்கூட 23 டிகிரி. நவம்பர் மழையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூட்டிப் போடலாமா என்று கேட்டேன், சுங்கை பெசி பந்தயத் திடலில் வெகுகாலம் சைஸாக (குதிரை பராமரிப்பவராக) இருந்த எங்கள் லாயத்து அண்ணன் சிரித்துவிட்டு, "இங்க எங்கமா குளிரு? நனைஞ்சா துடைச்சு விடு, போதும்" என்றார். உண்மைதான். அடிப்படை அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்காக வெயிலைச் சாக்காக வைத்து ஹேயைக் குறைக்கவும் கூடாது, குதிரையின் வயிறு தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், பல மணி நேரம் வாய் சும்மா இருந்தால் புண் வரும். நான் செய்வது, பெரிய பங்கை இருட்டிய பிறகு போடுவது. உச்சி வெயிலில் அரைகுறையாகக் கொறித்துவிட்டு நிற்கிற தரோபிரெட், இரவு எட்டு மணிக்குத் தலை நிமிராமல் தின்கிறது.

சரி, எது நல்லது? போனிக்கு டிமோத்தி, வேறு யோசனையே இல்லை. போனிகள் காற்றைக் குடித்தாலும் பெருக்கும், பெருத்தால் குளம்பு அழற்சி வாசலில் நிற்கும். ஓட்டன் ஹே பொன் நிறத்தில் இனிப்பு வாசனையோடு அழகாக இருக்கும், குதிரைக்கும் உயிர், ஆனால் அந்த இனிப்பு சர்க்கரைதான். தரோபிரெட்டுக்குத் தருகிறேன், போனியின் பக்கமே கொண்டுபோவதில்லை. ரோட்ஸ் மலிவு, சில கட்டுகள் தென்னந்துடைப்பம் மாதிரிக் குத்தும், இரண்டுமே முகத்தைத் திருப்பிக்கொண்டன. லூசர்னில் புரதமும் கால்சியமும் அதிகம். ஹே மொத்தத்துக்கும் அதையே போட்டால் சிறுநீர் கூடி லாயம் முழுக்க அம்மோனியா நெடி அடிக்கும், நம் சூட்டில் அது இருமலுக்கு நேர் வழி. ஒரு கைப்பிடி இரண்டு கைப்பிடி என்று சேர்ப்பதோடு சரி.

நேப்பியர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஓரமெல்லாம் புல் முளைக்கிற ஊரில் எதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரவழைக்கிறீர்கள்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்று, பச்சை நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். இரண்டு கிலோ ஹேக்குப் பதிலாக ஒன்பது பத்து கிலோ வெட்டிப் போட்டால்தான் கணக்குச் சரியாகும், நாம் ஒரு கட்டைப் போட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு, நேப்பியர், கினி, செட்டாரியா போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஆக்ஸலேட் உண்டு, அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலுக்கு விடாது. மாதக்கணக்கில் அதையே தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும், முகத்து எலும்பு வீங்கும், ஒருநாள் ஒரு கால் மறுநாள் இன்னொரு கால் என்று நொண்டும். மாட்டுக்கு வயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடுவதால் மாட்டுக்காரர்கள் சொல்வதை இதில் கேட்க வேண்டாம். லூசர்ன் கைப்பிடியை நான் நிறுத்தாததற்கு இதுவும் ஒரு காரணம், நேப்பியரை ஒட்டுமொத்தமாக விட்டுவிட முடிவதில்லை, கப்பல் தாமதமானால் அதுதான் கை கொடுக்கிறது.

இப்போது சேமிப்பு, பணம் கரைவது இங்கேதான். ஹேயில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால் பூசணத்துக்கு வாசல் திறந்த மாதிரி, நம் காற்றோ இரவெல்லாம் நனைந்துதான் இருக்கிறது. ஒரு சப்ளையர் மழை நாளில் தார்ப்பாய் சரியாக மூடாமல் இறக்கிவிட்டுப் போன கட்டு ஒன்று, வெளியே பச்சையாகத்தான் இருந்தது. கயிற்றை அறுத்து நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பு, பிரித்தபோது கோதுமை மாவு பறக்கிற மாதிரி வெள்ளைத் தூசி, ஈரப் பாய் நாற்றம். போனி மூக்கை ஒருமுறை நீட்டிவிட்டுப் பின்வாங்கியது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை, அந்த ஆளிடம் வாங்குவதும் இல்லை. அதிலிருந்து லாரி நிற்கும்போதே ஏதாவது ஒரு கட்டை அறுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அடுக்குவது மரப்பலகைத் தட்டுகளின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிளாஸ்டிக் உறை போடாமல். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இருப்பு வைப்பதில்லை, மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது காய்ந்த நாட்டுக்காரனுக்குப் பொருந்தும். தூசி இருந்தால் பத்து நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்துப் போடலாம், அரை நாள் ஊறவிட்டால் இந்தச் சூட்டில் புளித்துப்போகும். பூசணம் பிடித்ததை ஊறவைத்துக் கொடுக்கலாமா என்றால், வேண்டாம், எரித்துவிடுங்கள்.

சாமான்களில் இரண்டுதான் காசுக்குத் தகுந்தவை. மீன் கடைக்காரர்கள் தொங்கவிடும் டிஜிட்டல் தராசு, அப்புறம் சின்னக் கண்ணுள்ள ஹே வலை. வலை போட்ட பிறகு போனியின் பங்கு இரண்டு மடங்கு நேரம் தாங்குகிறது, கோபத்தில் அது கயிற்றைக் கடிப்பது தனிக் கதை. தராசு இல்லாமல் கண்ணால் அளப்பது வேலைக்கு ஆகாது, ஒரே உயரக் கட்டில் டிமோத்தியும் ஓட்டனும் ஒரே எடை இருக்காது.

தீனி போதுமா என்று பார்க்க, குதிரையின் சதைப்பிடிப்புக்கு ஹென்னெக்கே என்பவர் 1983-இல் கொடுத்த 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகப் பருமன்) வரையான மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறேன். விலா கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அது 5. தரோபிரெட் அங்கேயே நிற்கிறது. போனி இன்னும் 6-க்கு மேல், அதனால் அதற்கு எடையில் 1.5 சதவீதம் டிமோத்தி, மாதம் ஒருமுறை டேப், குறையும் வரை இப்படியே.